நூக்கல் இருக்க முருங்கைக்காய் எதற்கு?

ஜெர்மனிக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இங்கே முருங்கைக்காய் எங்கே கிடைக்கும்?" என்றுதான். ஆசியக் கடையில் கிடைக்கும், வாடி வதங்கி. விலையைப் பார்த்தால் சாம்பாரே வேண்டாம் என்றிருக்கும். முதல் ஆறு மாதம் நானும் அப்படி அலைந்தவன்தான். கீழ்த்தெரு சூப்பர் மார்க்கெட்டில் கண்ணுக்கு எதிரே நூக்கல் குவிந்து கிடந்ததைக் கவனிக்கவே இல்லை. 'கோல்ராபி' என்று எழுதிப் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் எடைக்கு அல்ல, ஒன்று இவ்வளவு என்று விலை. அதனால் பெரிதாகப் பார்த்து எடுக்கத் தோன்றும். வேண்டாம், நார் ஓடியிருக்கும், சிறியதே இளசு.

இளம் நூக்கலைத் தோல் சீவிப் பச்சையாகவே தின்னலாம். நான் கோசுமல்லி செய்வேன். ஒரு நூக்கல், ஒரு கேரட் துருவி, அரை மணி நேரம் ஊறிய பாசிப்பருப்பு இரண்டு கைப்பிடி, எலுமிச்சைச் சாறு, மேலே கடுகு, பச்சைமிளகாய் தாளிப்பு. உப்பைச் சாப்பிட உட்காரும்போதுதான் போட வேண்டும். காலையிலேயே போட்டு ஆபீசுக்கு எடுத்துப் போனால் மதியம் டப்பாவில் ரசம்தான் இருக்கும். கடையிலேயே இலையைத் திருகிப் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அதைப் பொடியாக நறுக்கித் தேங்காய்ப்பூ தூவினால் நல்ல பொரியல்.

கீரைக்கு உறைய வைத்த பாக்கெட் போதும். 'பிளாட்ஷ்பினாட்' என்றால் வெறும் கீரை. 'ராம்ஷ்பினாட்' என்றால் கிரீம் கலந்தது. இது தெரியாமல் ஒரு முறை கூட்டு வைத்து, புளிக்கரைசலையும் ஊற்றி, மொத்தமும் திரிந்துபோனது. பருப்புக்கு மைசூர்ப் பருப்பு, இங்கே 'ரோட்டே லின்சன்'. குக்கர் இல்லாமலே கால் மணி நேரத்தில் குழைந்துவிடும்.

கொத்தமல்லி, புதினா கட்டுக்குத் துருக்கிக் கடைக்குப் போங்கள். அங்கே நீளமாக, மெலிதாக இருக்கும் பச்சைமிளகாயை நம்பிச் சட்னி அரைக்காதீர்கள். பல நேரம் காரமே இருக்காது. பஜ்ஜிக்கு அருமை.

கொத்தமல்லி, புதினாச் சட்னி கையில் இருந்தால் சாண்ட்விச் ஐந்து நிமிட வேலை. இரண்டு ரொட்டியிலும் ஓரம் வரை வெண்ணெய் தடவுங்கள், இல்லாவிட்டால் சட்னி ஈரம் இறங்கி நசநசத்துவிடும். மேலே சட்னி, வேகவைத்த உருளைக்கிழங்கு, வெள்ளரி. தக்காளியை மட்டும் தனியாக எடுத்துப் போய்ச் சாப்பிடும்போது வைத்துக்கொள்ளலாம். இதற்கு மெத்தென்ற 'டோஸ்ட்புரோட்' சரி.

கனமான கறுப்பு ரொட்டி இருக்கிறதே, கோதுமைக்கு உறவான ரை தானியத்தில் செய்தது, அதை ஆரம்பத்தில் செங்கல் என்று கேலி செய்தேன். இங்குள்ளவர்கள் பலர் இரவில் அடுப்பே மூட்டாமல் அந்த ரொட்டி, சீஸ், வெள்ளரி என்று முடித்துக்கொள்வார்கள். ஒரு நாள் சோம்பலில் வெண்ணெய் தடவி இட்லிப்பொடி தூவிப் பார்த்தேன். அந்தப் புளிப்புக்கும் பொடிக்கும் என்ன பொருத்தம்! இப்போது வாரத்தில் இரண்டு இரவு அதுதான்.

எதுவானாலும் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையத்துக்குள் ஒன்றிரண்டு திறந்திருந்தாலும், ஒரு வெங்காயத்துக்காக அங்கே போய் வரிசையில் நின்றவன் சொல்கிறேன், கேளுங்கள்.