ரிப்பீட்டர் டிரான்ஸ்மிட் ஆனதும் ரிசீவர் மந்தமாகிறது

வணக்கம் நண்பர்களே. ஏற்காட்டில் இருக்கும் எங்கள் ஹாம் ரேடியோ 2 மீட்டர் ரிப்பீட்டரில் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) டிரான்ஸ்மிட்டர் எழுந்ததும் ரிசீவரில் கரகரப்பு ஏறுகிறது. பலவீனமான சிக்னல் என்றால் ஸ்கெல்ச் (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைக்கும் சுற்று) மூடி மூடித் திறக்கிறது. சேலத்திலிருந்து ஹேண்டியில் (கையடக்க ரேடியோவில்) பேசுபவர்களுக்கு ரிப்பீட்டரே இல்லாத மாதிரிதான்.

மோட்டரோலா ஜிஎம்300 இரண்டு, 25 வாட், அனுப்பும், வாங்கும் அலைவரிசைகளுக்கு இடையே 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, ஆறு கேவிட்டி டூப்ளெக்சர் (ஒரே ஆன்டெனாவில் அனுப்புவதையும் வாங்குவதையும் பிரிக்கும் ஃபில்டர்), ஆன்டெனாவுக்கு அரை அங்குல ஹார்ட்லைன் கேபிள். ஆடிக் காற்று தொடங்கியதிலிருந்து இந்தத் தொல்லை. காற்று அடித்தால் கூடுகிறது. நல்ல மழையில் எல்லாம் நனைந்துவிட்டால் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

நானோவிஎன்ஏ (ஆன்டெனா, ஃபில்டர்களை அளக்கும் சிறு கருவி) வைத்து டூப்ளெக்சரைத் திரும்ப டியூன் செய்தோம். ஜம்பர்களை இரட்டைக் கவசக் கேபிளாக மாற்றினோம். பவரை 5 வாட்டுக்கு இறக்கினால் தணிகிறது, போகவில்லை. ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோட் (பவரை விழுங்கும் போலி ஆன்டெனா) மாட்டினால் சுத்தம். அதனால் ரேடியோ மேலும் டூப்ளெக்சர் மேலும் சந்தேகம் இல்லை. எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா பக்கமிருந்து பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) 1.3தான், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. டவரில் துருப்பிடித்த கிளாம்புகள் நிறைய, அதனால் அவற்றின் மேலும் சந்தேகம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் இது சரியாகியே ஆக வேண்டும். புயல் நேரத்தில் இந்த ரிப்பீட்டர் கட்டாயம் வேண்டும்.

ஆன்டெனாவைக் கீழே இறக்காமல், கோளாறு ஆன்டெனாவிலா, ஹார்ட்லைன் கனெக்டரிலா, டவர் கிளாம்பிலா என்று எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது?