பைபர் ரவுட்டருக்கு மாறிய பின் வைஃபை அச்சுப்பொறி சேர மறுக்கிறது: உதவி தேவை

கொக்குவில் ரீச்சர்

அனைவருக்கும் வணக்கம். மாலை நேரங்களில் வீட்டில் தரம் 5 பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பதால், பயிற்சித்தாள்களையும் புலமைப்பரிசில் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள்களையும் அச்சிடுவதற்கென ஒரு வைஃபை அச்சுப்பொறி வைத்திருக்கிறேன். போத்தலில் மை வாங்கி ஊற்றிப் பாவிக்கும் வகை. அதில் திரை கிடையாது. பொத்தான்களும் சிறு விளக்குகளும் மாத்திரமே உள்ளன.

இதுவரை சிம் போட்ட 4ஜி ரவுட்டருடன் அது எந்தக் குறையுமின்றி வேலை செய்தது. அண்மையில் பைபர் இணைப்பு எடுத்தோம். பொருத்த வந்தவர்கள் புதிய ரவுட்டர் ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். எல்லாச் சாதனங்களிலும் மறுபடி கடவுச்சொல் அடிக்கும் வேலை மிச்சமாகட்டும் என்று, மகன் பழைய வைஃபை பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் புதிய ரவுட்டருக்கும் இட்டுவிட்டுக் கொழும்புக்குத் திரும்பிவிட்டார். என் போன், மகளின் போன், லப்டொப் மூன்றும் தாமாகவே சேர்ந்துகொண்டன. அச்சுப்பொறியின் வைஃபை விளக்கு மட்டும் ஓயாமல் விட்டுவிட்டு மின்னுகிறது. லப்டொப்பில் 'ஓஃப்லைன்' என்று காட்டுகிறது.

அச்சுப்பொறியையும் ரவுட்டரையும் அணைத்துப் போட்டுப் பார்த்தேன். போனில் உள்ள அச்சுப்பொறிச் செயலி வழியாகப் புதிதாகச் சேர்க்க முயன்றால், கடைசிப் படியில் 'இணைக்க முடியவில்லை' என்று நின்றுவிடுகிறது. கடவுச்சொல் அடிக்காமலே சாதனங்களைச் சேர்ப்பதற்கென ரவுட்டரின் பின்புறத்தில் டபிள்யூபிஎஸ் என்று எழுதியுள்ள பொத்தானை அழுத்தியும் அதன் விளக்கு எரியவில்லை. இதற்குத் தொடர்புண்டோ தெரியாது, மாமாவின் பழைய போனும் புதிய வைஃபையில் சேரவில்லை; அது பழசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். வீடு பழைய காலத்து நாற்சார் வீடு. ரவுட்டர் முன் விறாந்தையில், அச்சுப்பொறி பின்னறையில். சுவர்கள் சுண்ணாம்புக்கல்லால் கட்டிய தடித்த சுவர்கள். தூரந்தான் காரணமா, அல்லது அச்சுப்பொறி பழுதா?

நல்லூரான்

லப்டொப்பில் உள்ள டிரைவரை (அச்சுப்பொறியை இயக்கும் மென்பொருளை) முற்றாக அழித்துவிட்டு, தயாரிப்பாளரின் இணையத்தளத்திலிருந்து புதிதாக இறக்கிப் போடுங்கள். எங்கள் அலுவலகத்தில் 'ஓஃப்லைன்' பிரச்சினை வரும்போதெல்லாம் அப்படித்தான் தீர்த்திருக்கிறோம்.

சுன்னாகம் திருத்துநர்

ரீச்சர், டிரைவரை இப்போதைக்குத் தொடவேண்டாம். டிரைவர் என்பது லப்டொப்புக்குள் இருப்பது. ஆனால் லப்டொப்பை மூடி அலுமாரிக்குள் வைத்தாலும் உங்கள் அச்சுப்பொறியின் விளக்கு மின்னிக்கொண்டுதான் இருக்கும். அதாவது கோளாறு அச்சுப்பொறிக்கும் ரவுட்டருக்கும் இடையில் இருக்கிறது. அந்தக் கட்டம் தாண்டிய பிறகே லப்டொப்பின் முறை வரும். நல்லூரான் சொன்ன வழி தவறானதல்ல. அது அடுத்த படிக்கு உரியது.

மூன்று சோதனைகள் செய்து முடிவைத் தெரிவியுங்கள். முதலாவது, அச்சுப்பொறியை விறாந்தைக்குக் கொண்டுவந்து ரவுட்டருக்கு அருகில் வைத்து அணைத்துப் போடுங்கள்; அங்கும் சேரவில்லையெனில் சுவர்மீது குற்றமில்லை. இரண்டாவது, வலையமைப்பு அறிக்கையை அச்சிடுங்கள். திரை இல்லாத பெரும்பாலான அச்சுப்பொறிகளில் ஒரு பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் அது வெளிவரும். எந்தப் பொத்தான் என்பது உங்கள் மொடலின் கையேட்டில் இருக்கும். அதில் வைஃபை பெயர், பாதுகாப்பு முறை, ஐ.பி. முகவரி (வலையமைப்பில் அந்தச் சாதனத்தை அடையாளம் காட்டும் இலக்கம்) என்ற வரிகளில் என்ன உள்ளது என்று எழுதுங்கள். மூன்றாவது, மகளின் போனில் ஹொட்ஸ்பொட் போட்டு அச்சுப்பொறியை அதனுடன் சேர்த்துப் பாருங்கள். ஹொட்ஸ்பொட் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கவேண்டும். ஐபோன் 12 அல்லது அதற்குப் பிந்தியது எனின், ஹொட்ஸ்பொட் பக்கத்தில் பொருந்துதன்மையை அதிகரிக்கும் தெரிவை இயக்கினால் அது 2.4 க்கு வந்துவிடும்.

மாமாவின் பழைய போனைப் பற்றி எழுதியது நல்லதாகப் போயிற்று. எனக்கு இப்போதே ஒரு சந்தேகம் இருக்கிறது. ஆனால் சோதனை முடிவு வரும்வரை சொல்லமாட்டேன்.

கொக்குவில் ரீச்சர்

நன்றி ஐயா. ரவுட்டருக்கு ஒரு முழத் தூரத்தில் வைத்தும் விளக்கு அப்படியேதான் மின்னுகிறது. அறிக்கையில் எங்கள் வைஃபை பெயர் சரியாக உள்ளது. பாதுகாப்பு முறை 'டபிள்யூபிஏ2', ஐ.பி. முகவரி '0.0.0.0'. மகளின் ஹொட்ஸ்பொட்டில் முதற் தடவையிலேயே சேர்ந்து, விளக்கு நிலையாக எரிந்தது. மகள் தன் போனிலிருந்து ஒரு பக்கம் அச்சிட்டும் பார்த்தாள். போனில் எங்கள் வீட்டு வைஃபையின் விபரங்களைத் திறந்தால் பாதுகாப்பு 'டபிள்யூபிஏ3' என்று காட்டுகிறது என்றும் அவள் சொல்கிறாள்.

நாளை மறுநாள் வகுப்புக்கு வினாத்தாள்கள் வேண்டும். அதற்குள் இது தீராவிட்டால் என்ன செய்வது?

சுன்னாகம் திருத்துநர்

முதலில் வினாத்தாள். அச்சுப்பொறியின் பின்புறத்தில் சதுரமான யூ.எஸ்.பி. துளை ஒன்று இருக்கும். அதற்குரிய வயர் எந்தக் கணினிக் கடையிலும் கிடைக்கும். அதை லப்டொப்பில் செருகினால் வைஃபையே இல்லாமல் அச்சிடலாம். பிள்ளைகளைக் காக்கவைத்துக்கொண்டு ரவுட்டருடன் மல்லுக்கட்டத் தேவையில்லை.

இனிக் காரணத்துக்கு வருவோம். ஹொட்ஸ்பொட்டில் சேர்ந்ததால் அச்சுப்பொறியின் வைஃபை உறுப்பு நலமாக உள்ளது என்பது உறுதி. பழுது பார்க்கக் கொடுக்கவோ புதியது வாங்கவோ வேண்டாம். அறிக்கையில் பெயர் சரியாக இருந்தும் முகவரி 0.0.0.0 என்று இருப்பதால், அது உங்கள் வைஃபையைத் தேடுகிறது, ஆனால் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. ரவுட்டர் அனுமதித்த பிறகுதான் முகவரி கொடுக்கும். கடவுச்சொல்லும் மாறவில்லை. எஞ்சுவது, அந்தக் கடவுச்சொல்லை எந்த முறையில் சரிபார்ப்பது என்பது. டபிள்யூபிஏ2 என்பது 2004 முதல் வழக்கில் உள்ள முறை; டபிள்யூபிஏ3 என்பது 2018 இல் அறிமுகமானது. இரண்டிலும் நீங்கள் அடிக்கும் சொல் ஒன்றாக இருந்தாலும், சாதனமும் ரவுட்டரும் கைகுலுக்கும் விதம் வேறு. டபிள்யூபிஏ3 ஐ அறியாத அச்சுப்பொறிக்கு, சரியான சாவி கையில் இருந்தும் பூட்டே மாறிவிட்டது போன்ற நிலை. மாமாவின் போனுக்கும் இதுவே நேர்ந்திருக்கிறது. டபிள்யூபிஎஸ் பொத்தானும் இதே காரணத்தால்தான் செயலிழந்திருக்கும்: டபிள்யூபிஏ3 அந்த வசதியை ஏற்பதில்லை. ஆகையால் பெரும்பாலான ரவுட்டர்கள் டபிள்யூபிஏ3 க்கு மாற்றியவுடன் அதை அணைத்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. புதிய ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் காட்டி, எந்தச் சாதனத்தை எதில் சேர்ப்பது என்று தாமே தீர்மானிக்கும். உங்களுடையதைப் போன்ற அச்சுப்பொறிகளில் பல 2.4 ஐ மட்டுமே அறியும். தானாகத் தீர்மானிக்கும் இந்த ஏற்பாடு அவற்றைச் சில வேளைகளில் குழப்பிவிடும். பிரித்து வைப்பதே நிம்மதி.

லப்டொப்பை லான் வயரால் ரவுட்டருடன் இணைத்துவிட்டுத் தொடங்குங்கள். வைஃபை வழியாகவே மாற்றப் போனால், சேமித்த கணத்தில் நீங்களே வெளியே தள்ளப்படுவீர்கள். உலாவியில் 192.168.1.1 என்று அடியுங்கள். வேறு முகவரியாயின் ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள ஸ்ரிக்கரில் இருக்கும், நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் அங்கேயே இருக்கும். வைஃபை பக்கத்தில் இரு அலைவரிசைகளையும் ஒன்றாக்கும் தெரிவை அணையுங்கள். பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் 2.4 க்கே விட்டுவிடுங்கள். அதன் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வையுங்கள். 5 கிகாஹேர்ட்ஸுக்கு வேறு பெயர் கொடுத்து, அதை டபிள்யூபிஏ3 இலேயே விடலாம். இப்படிச் செய்தால் அச்சுப்பொறியில் எதையும் புதிதாக அமைக்கத் தேவையில்லை. அது தேடிக்கொண்டிருக்கும் பெயர், அதற்குத் தெரிந்த முறையுடன் கிடைத்துவிடும்.

பட்டியலில் 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு' என்று ஒன்றும் இருக்கும். பல சாதனங்களுக்கு அது போதும். ஆனால் பழைய அச்சுப்பொறிகள் சில அதிலும் இடறுவதுண்டு. ஆகையால் 2.4 க்குத் தனி டபிள்யூபிஏ2 ஐயே விரும்புகிறேன். அதற்குக் கீழே மாத்திரம் இறங்கவேண்டாம்: 'டபிள்யூஇபி' என்ற மிகப் பழைய, எளிதில் உடைபடும் முறையையோ கடவுச்சொல் இல்லாத திறந்த நிலையையோ எவர் சொன்னாலும் தெரிவு செய்யாதீர்கள்.

வடமராட்சியான்

இவ்வளவு சிரமம் எதற்கு? ரவுட்டரில் விருந்தினர் வைஃபை என்று ஒன்று இருக்கும். அதை 2.4 இல், டபிள்யூபிஏ2 உடன் திறந்து, அச்சுப்பொறியை அதில் விடலாமே. வீட்டு வைஃபையில் கைவைக்கத் தேவையில்லை.

சுன்னாகம் திருத்துநர்

சேரும், தம்பி, அச்சிடாது. விருந்தினர் வைஃபையின் நோக்கமே அதில் உள்ளவர்கள் வீட்டுச் சாதனங்களை எட்டாதபடி மறித்து வைப்பது. அச்சுப்பொறி அங்கும் லப்டொப் இங்கும் இருந்தால் ஒன்றையொன்று காணாது. லப்டொப்பையும் விருந்தினர் பக்கத்துக்கு மாற்றினாலும், பெரும்பாலான ரவுட்டர்கள் விருந்தினர்களுக்கிடையிலும் மறிப்புப் போடும். விளக்கு நிலையாக எரியும், தாள் மட்டும் வராது. அதைப் பிறகு கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

2.4 உம் 5 உம் அப்படியல்ல. பெயர் இரண்டானாலும் வலையமைப்பு ஒன்றே. லப்டொப் 5 இல் இருந்துகொண்டு 2.4 இல் உள்ள அச்சுப்பொறிக்கு அனுப்பலாம்.

கொக்குவில் ரீச்சர்

ஐயா, சொன்னபடி மகளும் நானுமாகச் செய்தோம். சேமித்து, ரவுட்டர் மீண்டும் எழும்பியதும், அச்சுப்பொறியில் கைவைக்காமலேயே விளக்கு நிலையாக எரியத் தொடங்கியது. பின்னறைக்குக் கொண்டுபோன பிறகும் நிலையாகவே எரிகிறது. மாமாவின் போனும் சேர்ந்துவிட்டது. அவர் இப்போது விறாந்தையில் இருந்து செய்தி பார்க்கிறார். புதிய அறிக்கையில் ஐ.பி. முகவரி 192.168.1.14 என்று உள்ளது. போன்களிலிருந்து அச்சிட முடிகிறது.

ஆனால் லப்டொப்பில் இன்னும் 'ஓஃப்லைன்' என்றே இருக்கிறது. அனுப்பிய வினாத்தாள்கள் வரிசையில் தேங்கி நிற்கின்றன. விண்டோஸ் 10 பாவிக்கிறேன். இப்போதாவது டிரைவரை அழிக்கலாமா?

திருநெல்வேலி வாசி

ரீச்சர், அழிக்கு முன் ஒரு சிறு விடயத்தைப் பார்த்துவிடுங்கள். விண்டோஸில் அச்சுப்பொறியின் பண்புகள் பக்கத்தைத் திறந்து, 'போர்ட்ஸ்' என்ற தாவலில் சரி அடையாளம் இடப்பட்டுள்ள வரியை வாசியுங்கள். அங்கே 192.168.8 என்று தொடங்கும் ஒரு முகவரி இருக்கும் என்று ஊகிக்கிறேன். சிம் போடும் 4ஜி ரவுட்டர்கள் பல அந்த வரிசையில்தான் முகவரி கொடுக்கும். உங்கள் பைபர் ரவுட்டர் கொடுத்திருப்பதோ 192.168.1 வரிசை. லப்டொப் இன்னமும் பழைய முகவரிக்கே வினாத்தாளை அனுப்பிக்கொண்டிருக்கிறது, அங்கே பதில் சொல்ல எவருமில்லை. போன்கள் ஒவ்வொரு முறையும் அச்சுப்பொறியைப் புதிதாகத் தேடுவதால் அவற்றுக்கு இந்தச் சிக்கல் எழவில்லை.

ஊகம் சரியெனில், அதே தாவலில் புதிய போர்ட் சேர்க்கும் பொத்தானை அழுத்தி, 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' என்பதைத் தெரிவு செய்து, அறிக்கையில் உள்ள முகவரியை அடியுங்கள். அதற்கு முன்பு வரிசையில் தேங்கியுள்ளவற்றை நீக்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் நீங்கள் பொறுமையிழந்து திரும்பத் திரும்ப அனுப்பிய அத்தனை பிரதிகளும் ஒருமிக்க வெளிவந்து கடதாசியைத் தின்றுவிடும். அதன் பின்னும் அசையாவிட்டால், அச்சுப்பொறியை நீக்கி மீண்டும் சேர்க்கலாம்; நல்லூரான் அண்ணா சொன்னது அப்போது பொருந்தும்.

கொக்குவில் ரீச்சர்

192.168.8.103 என்றுதான் இருந்தது, தங்கச்சி! புதிய போர்ட் போட்டதும் 'ஓஃப்லைன்' மறைந்தது. சூழல் பாட வினாத்தாள் இப்போது வந்துகொண்டிருக்கிறது. எல்லோருக்கும் மிக்க நன்றி.

ஒரேயொரு கேள்வி. எங்கள் பகுதியில் மின்சாரம் இடைக்கிடை போய் வரும். அச்சுப்பொறி ஒவ்வொரு முறை எழும்பும்போதும் வேறு முகவரி வந்தால், நான் மீண்டும் போர்ட் மாற்றிக்கொண்டிருக்க வேண்டுமா?

சுன்னாகம் திருத்துநர்

வேண்டியதில்லை, முகவரியைக் கட்டிப்போடலாம். ரவுட்டரின் பக்கத்தில், சாதனங்களுக்கு முகவரி வழங்கும் 'டிஹெச்சிபி' பகுதியில் முகவரி ஒதுக்கீடு என்ற வசதி இருக்கும். அச்சுப்பொறி அறிக்கையில் இரண்டிரண்டு எழுத்துகளாக ஆறு கூறுகள் கொண்ட மக் முகவரி (அந்தச் சாதனத்துக்கே உரிய அடையாளம்) உள்ளது, அதையும் 192.168.1.14 ஐயும் அங்கே பதிந்து சேமியுங்கள். இனி எத்தனை முறை மின்சாரம் போனாலும் ரவுட்டர் அதே முகவரியையே கொடுக்கும். அச்சுப்பொறிக்குள்ளேயே நிலையான முகவரி எழுதும் வழியும் உண்டு; ஆனால் திரை இல்லாத மொடலில் அது சள்ளை பிடித்த வேலை, நாளைக்கு ரவுட்டர் மாறினால் இதே சிக்கல் மறுபடியும் வரும்.

மின்சாரம் திரும்பிய உடனே அச்சுப்பொறி ரவுட்டரை முந்திக்கொண்டு எழும்பிவிடும். பைபர் ரவுட்டர் முழுமையாக எழும்பச் சில நிமிடங்கள் எடுக்கும். அந்த இடைவெளியில் விளக்கு மின்னினால் எதையும் தொடாமல் விடுங்கள், தானாகச் சேரும். ரவுட்டரை எப்போதாவது ஊசியால் குத்தித் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்தால் மாத்திரம் இந்த அமைப்புகள் யாவும் அழியும். ஆகையால் மகள் மாற்றிய மூன்று பக்கங்களையும், வைஃபை, பாதுகாப்பு, முகவரி ஒதுக்கீடு என்பவற்றை, போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.