ஸ்லாம் டெத் மெட்டல்: ‘மொத்து’ என்று சொல்லலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். கிட்டாரும் டிரம்ஸும் உறுமும் குரலுமாக ஒலிக்கும் கனத்த ராக் இசை டெத் மெட்டல். அதன் உள்வகையான ‘ஸ்லாம் டெத் மெட்டல்’ என்பதற்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம்.

> கூட்டத்தில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஆடுவதிலிருந்துதானே ‘ஸ்லாம்’ என்ற பெயர் வந்தது? ‘மோதல் டெத் மெட்டல்’ என்றே வைத்துவிடலாமே.

ஐயா, நீங்கள் சொல்லும் வரலாறு சரி. ஹார்ட்கோர் பங்க் என்ற வேகமான ராக் இசையின் கச்சேரிகளில் மேடைக்கு முன்னால் தோளோடு தோள் இடித்து ஆடுவதற்குத்தான் ஸ்லாம் என்று பெயர். அந்த ஆட்டத்தைக் கிளப்பிவிடும் கிட்டார் பகுதிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் தமிழில் ‘மோதல்’ என்றதும் நினைவுக்கு வருவது ‘இரு தரப்பினர் மோதல், ஐவர் காயம்’ என்ற செய்திதான். அந்தச் சொல்லுக்குள் பகை இருக்கிறது. இந்த ஆட்டத்தில் பகை கிடையாது. கீழே விழுந்தவரை நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடுவார்கள்.

பெயர் வைப்பதற்கு முன் அந்த இசையில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கேட்காதவர்களும் இங்கே இருக்கிறீர்கள்.

1991-இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டைச் சேர்ந்த சஃபொகேஷன் குழு ‘எஃபிஜி ஆஃப் த ஃபர்காட்டன்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. அதுவரை டெத் மெட்டல் என்றால் பெரும்பாலும் வேகம். டிரம்ஸில் காலால் அடிக்கும் கிக்கும் குச்சியால் அடிக்கும் ஸ்னேரும் மாறிமாறிப் பொரிந்து தள்ளும். நிமிடத்துக்கு 200 தாளத் தட்டு என்று வைத்தால், ஒவ்வொரு தட்டுக்குள்ளும் நான்கு அடி, ஆக 800 அடி. நொடிக்கு 13-க்கும் மேல். அந்தத் தொகுப்பிலும் இந்த வேகம் இருக்கிறது. ஆனால் ‘லீஜ் ஆஃப் இன்வெராசிட்டி’ என்ற பாட்டில் ஓரிடத்தில் வேகம் சட்டென்று பாதியாக இறங்குகிறது. கிட்டார்காரர் வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகளின் மேல் அழுத்தி, ரீங்காரத்தை அடக்கி, கனமான நாலைந்து சுரங்களை மட்டும் இடைவெளி விட்டுவிட்டு அடிக்கிறார். தலை தானாக ஆடத் தொடங்கும். ஸ்லாம் ரசிகர்கள் முதலில் சுட்டிக்காட்டுவது அந்த இடத்தைத்தான்.

அப்புறம் அதே நியூயார்க் வட்டாரத்தில் பைரெக்சியா, இன்டர்னல் பிளீடிங் போன்ற குழுக்கள் அந்த இடத்தையே பிடித்து வளர்த்தன. டெக்சாஸின் டல்லஸில் 1995-இல் உருவான டெவவர்மென்ட், 1999-இல் தந்த முதல் முழுத்தொகுப்பில் அதைப் பாட்டின் நடுமையமாகவே ஆக்கிவிட்டது. மற்றவர்கள் பாட்டுக்கு நடுவே ஓரிடத்தில் வைத்ததை இவர்கள் பாட்டாகவே ஆக்கினார்கள். ஸ்லாம் தனி வகையாகப் பிரிந்தது இப்படித்தான்.

ஆகவே நமக்கு வேண்டிய சொல் மெதுவாக, கனமாக, திரும்பத் திரும்ப விழும் அடியைச் சொல்ல வேண்டும். ‘குத்து’ நல்ல சொல், ஆனால் அது குத்துப்பாட்டுக்குப் போய்விட்டது; அதன் துள்ளல் இங்கே இல்லை. ‘இடி’ மேலிருந்து ஒருமுறை விழுந்து முடிந்துவிடும். ‘அறை’ கன்னத்தில் விழுவது, அதன் ஓசை கூர்மையானது. ஸ்லாமின் ஓசை மழுங்கியது.

என் முன்மொழிவு ‘மொத்து’. ‘மொத்து மொத்தென்று மொத்திவிட்டான்’ என்று சொல்லும்போது காதில் விழுவது முதுகில் கை விழும் அந்த அமுங்கிய ஓசைதானே? கனத்த துணியை ‘மொத்தமான துணி’ என்று சொல்லும் வழக்கமும் இருக்கிறது. அடியும் தடிமனும் ஒரே ஓசையில் கிடைப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கிட்டார் பகுதியை ‘மொத்து’ என்றும், வகையை ‘மொத்து டெத் மெட்டல்’ என்றும் சொல்லலாம்.

> டெத் மெட்டலை மட்டும் ஏன் அப்படியே விடுகிறீர்கள்? ‘மரண உலோகம்’ இருக்கிறதே.

அதை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன், இப்போது விட்டுவிட்டேன். ‘உலோகம்’ என்றால் வாசகர் இரும்பையும் செம்பையும் நினைக்கிறார், கிட்டாரை நினைப்பதில்லை. ‘மரண’ என்பது இன்று பேச்சில் ‘மரண மாஸ்’, ‘மரண அடி’ என்று மிகுதியைக் குறிக்கும் அடைமொழி. ‘சாவு’ என்று போட்டால் மனம் சாவுமேளத்துக்குப் போகும். அது வேறொரு பெரிய இசை மரபு, அதன் பெயரோடு இதைக் குழப்பக் கூடாது. தவிர, டெத் மெட்டல் என்பது பிறந்த இடத்தில் இட்ட பெயர். கலிஃபோர்னியாவின் பொசஸ்டு குழு 1984-இல் வெளியிட்ட மாதிரிப் பதிவின் தலைப்பே அதுதான். ஜாஸை ஜாஸ் என்றே எழுதுகிறோம். இதையும் அப்படியே எழுதுவோம். உள்வகைகளுக்கும் உத்திகளுக்கும் தமிழ்ச்சொல் கொடுப்போம்.

அந்த வகையில் இன்னும் இரண்டு. ‘புரூட்டல் டெத் மெட்டல்’ என்ற உள்வகையில் வரும் ‘புரூட்டல்’ என்பதற்குக் ‘கொடூர’ என்று வேண்டாம், அது தீர்ப்புச் சொல்கிறது. ரசிகர்கள் அதைப் பாராட்டாகவே சொல்கிறார்கள். ‘முரட்டு டெத் மெட்டல்’ என்றால் கரடுமுரடும் வருகிறது, இன்றைய இளைஞர்கள் ‘முரட்டு’ என்று வியக்கும் தொனியும் வருகிறது. நொடிக்குப் பதின்மூன்று அடி விழும் அந்த ‘பிளாஸ்ட் பீட்’டுக்குச் ‘சரவெடித் தாளம்’. தீபாவளிக்கு ஆயிரம் வாலா கொளுத்திய யாருக்கும் விளக்கமே தேவைப்படாது.

அன்புடன்.

(மறுநாள் எழுதியது)

> ‘மொத்து’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘மொத்த’ என்று பெயரடையானால் ‘முழு’ என்ற பொருள் வந்துவிடும் தம்பி. ‘மொத்த டெத் மெட்டல்’ என்றால் எல்லா டெத் மெட்டலும் என்றுதான் படிப்பார்கள்.

அக்கா, இது சரியான எச்சரிக்கை. நேற்றிரவு பத்து வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். ‘இந்தப் பாட்டில் மொத்து எங்கே வருகிறது?’, ‘இரண்டாவது மொத்து முதலாவதைவிட மெதுவானது’ என்பதிலெல்லாம் குழப்பம் இல்லை. ‘மொத்த’ என்று எழுதியவுடன் நீங்கள் சொன்னது நடக்கிறது. அதனால் ‘மொத்த’ என்ற வடிவத்தைத் தவிர்ப்போம். பெயர்ச்சொல்லை அப்படியே முன்னால் வைத்து ‘மொத்துப் பகுதி’, ‘மொத்துக் குழு’ என்று எழுதலாம். அதற்கு மேலும் இடறினால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

குரலுக்கு ‘அடித்தொண்டை உறுமல்’ போதும் என்று நினைக்கிறேன். ஆனால் இந்த வகைப் பாடகர்கள் உறுமலோடு நிறுத்துவதில்லை. வாயைக் குவித்து, பன்றி வீறிடுவதுபோல் ஒரு குரல் எழுப்புவார்கள். ஆங்கிலத்திலும் பன்றியை வைத்தே அதற்குப் பெயர். ‘வீறிடல்’ குழந்தைக்கும் பொருந்துவதால் தயங்குகிறேன். பன்றி வளர்த்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் யாராவது இருந்தால், பிடிக்கும்போது அது போடும் சத்தத்துக்கு உங்கள் பக்கத்தில் என்ன சொல் என்று எழுதுங்கள்.