ஈடிப்பஸ் கொன்றானா, இல்லையா? முச்சந்தியில் வந்தது ஒருவனா, பலரா? (தனி இழை)

முகமூடி:
“ஈடிப்பஸ் லாயஸைக் கொல்லவே இல்லை. தப்பி வந்த சாட்சி, கொன்றது பல பேர் என்றான், ஈடிப்பஸ் தனி ஆள், வழக்கு தள்ளுபடி” என்று ஓலைக்கணக்கு பக்கத்து இழையில் எழுதியிருக்கிறார். அதற்குக் கைதட்ட ஒரு கூட்டம் வேறு. அதனால் இந்தத் தனி இழை.

படிக்காமல் கைதட்டியவர்களுக்காக: பழைய கிரேக்க நாடகாசிரியர் சோபாக்ளிஸின் ஈடிப்பஸ் நாடகம் தீப்ஸ் நகரத்தில் கொள்ளைநோயோடு தொடங்குகிறது. முந்தைய மன்னன் லாயஸைக் கொன்றவனை வெளியேற்றினால்தான் நோய் தீரும் என்று டெல்ஃபியில் குறி சொல்லும் கோயிலிலிருந்து வாக்கு வருகிறது. மன்னன் ஈடிப்பஸ் அந்தக் கொலைகாரனை ஊரறியச் சபித்துவிட்டுத் தேடப் போகிறான். தேடப்படுகிறவன் தானே, செத்தவன் தன் தகப்பன், கட்டியவள் தன் தாய் என்று தெரிகிறது. அந்தத் தாய், ஜோகாஸ்டா, தூக்குப் போட்டுக்கொள்கிறாள். அவள் உடையில் இருந்த பொன் ஊசிகளை உருவி இவன் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான். இதிலிருந்து கொலையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

லாயஸ் செத்த இடம், டெல்ஃபி சாலையும் டாலியா சாலையும் சேரும் முச்சந்தி. ஈடிப்பஸ் அடித்துக்கொண்டதும் முச்சந்தியில்தான். லாயஸ் வண்டியில் போனான், கூட ஒரு கட்டியக்காரன். ஈடிப்பஸ் பார்த்ததும் வண்டி, கட்டியக்காரன், உள்ளே ஒரு வயசானவர். லாயஸ் செத்த சேதி ஊருக்கு வந்ததும் ஈடிப்பஸ் மன்னனானதும் அடுத்தடுத்து. இதற்கு மேல் என்ன வேண்டும், கைரேகையா?

ஓலைக்கணக்கு:
ஆள் கணக்கு வேணும். அதைத்தான் கேட்டேன், அதை மட்டும் விட்டுட்டு மத்த எல்லாத்தையும் அடுக்கியிருக்கீங்க.

நாடகத்தோட 842ஆம் வரியிலேர்ந்து 847 வரைக்கும் வாசிங்க. ஈடிப்பஸே சொல்றான்: அந்த வேலைக்காரன் இன்னும் ‘பல பேர்’னே சொன்னா நான் கொல்லலை, ஒருத்தன் பல பேருக்குச் சமமாக முடியாது, ‘தனி ஆள்’னு சொன்னா பழி என் தலையிலதான். தன் உயிரையே அந்த ஒரு கேள்வியில வைக்கிறான். அதுக்குத்தான் அந்த ஆளை வயக்காட்டிலேர்ந்து கூட்டிட்டு வரச் சொல்றான். ஆள் வர்றான். குழந்தையா இருந்த ஈடிப்பஸை மலையில விட்டுடச் சொல்லிக் கொடுத்ததும் இதே ஆள்கிட்டத்தான். 1120க்கு மேல விசாரணை நடக்குது. அந்தக் கேள்வியைக் கேக்கறாங்களா? இல்லை. குழந்தையை யார் கொடுத்தா, எதுக்குக் கொடுத்தா, இதே பேச்சு. கடைசி வரைக்கும் எத்தனை பேர்னு ஒருத்தரும் கேக்கலை.

தகப்பன் யாருங்கறது நிரூபணம். கொன்னது யாருங்கறது நிரூபணமாகலை. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீங்க.

முகமூடி:
ஐயா, அந்தக் கேள்விக்கு அவசியம் போய்விட்டது. மகன் தகப்பனைக் கொல்வான் என்பது லாயஸுக்குக் கிடைத்த வாக்கு. தகப்பனைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்பது ஈடிப்பஸுக்குக் கிடைத்த வாக்கு. தாயை மணந்தது முடிந்துபோன விஷயம். லாயஸ் மகன் தான் என்று 1182இல் தெரிந்த நொடியில் மற்றது தானாக வந்து பொருந்துகிறது. அங்கே நின்று “எத்தனை பேர் வந்தார்கள்” என்று கேட்க அவன் என்ன காவல்நிலைய எழுத்தரா?

ஓலைக்கணக்கு:
வாக்கு சொன்னது சாட்சியம் ஆகாது. ஜோகாஸ்டாவே வாக்கை நம்ப வேண்டாம்னுதான் லாயஸ் செத்த கதையையே சொல்றா. பல பேரா, ஒருத்தனா? பதில் எங்க?

கூத்துக்காரி:
ரெண்டு பேரும் புத்தகத்திலேயே உட்கார்ந்து சண்டை போடறீங்க. மேடையில அந்தக் கேள்வி ஏன் விழுந்துபோச்சுன்னு பாருங்க.

சோபாக்ளிஸுக்குப் பேசும் நடிகர்கள் மூணே பேர், கோரஸ்ங்கற பாட்டுக்குழு பதினைந்து பேர். 1072இல் ஜோகாஸ்டா உள்ளே போறா. ஈடிப்பஸும், அன்னிக்கு அந்தக் குழந்தையை வாங்கிட்டுப் போன கொரிந்துத் தூதனும் மேடையை விட்டு நகரலை. அப்படின்னா 1123இல் வாய் திறக்கிற மேய்ப்பனா, அதாவது அந்தப் பழைய வேலைக்காரனா, யார் வர முடியும்? ஜோகாஸ்டாவா நடிச்சவரேதான். ஏறக்குறைய ஐம்பது வரி நேரம், நடுவுல ஒரு கோரஸ் பாட்டு. அதுக்குள்ள ராணி முகமூடியைக் கழட்டி, நரைத்தலை முகமூடி மாட்டி, உடை மாத்தி, பக்கவாட்டு வழியா வரணும். குழந்தையைக் கொடுத்தவளும் வாங்கினவனும் ஒரே நடிகர். ‘யார் கொடுத்தா’ங்கற கேள்விதான் அந்தக் காட்சியில எரியற கேள்வி. ஆள் கணக்கை அங்க நுழைச்சா காட்சி செத்துடும்.

ஓலைக்கணக்கு:
நல்லா இருக்கு மேடம், ஆனா இது நடிகர் பற்றாக்குறை. கொலைக்குச் சாட்சி இல்லை.

முகமூடி:
கூத்துக்காரி, ஜோகாஸ்டாவாக நடித்தவரே மேய்ப்பன் என்பதை நான் ‘அன்டிகனி’ நாடக இழையிலேயே சொல்லிவிட்டேன். அப்போது “யூகம்” என்றீர்கள். இப்போது உங்கள் கண்டுபிடிப்பு மாதிரி எழுதுகிறீர்கள்.

கூத்துக்காரி:
அன்டிகனி இழையில நீங்க சொன்னது முதல் தடவை சகோதரன் பிணத்து மேல மண் தூவினது அன்டிகனி இல்லை, அவ சகோதரி இஸ்மீன்னு. அதைத்தான் யூகம்னேன். இப்பவும் அது யூகம்தான்.

முகமூடி:
அதற்குத் தனி இழை போடுங்கள், வருகிறேன். இப்போது ஓலைக்கணக்குக்கு.

ஆள் கணக்குதானே வேண்டும்? கணக்கே போடுவோம். 752இல் ஜோகாஸ்டா சொல்கிறாள்: லாயஸ் கூட்டத்தில் மொத்தம் ஐந்து பேர், அதில் ஒருவன் கட்டியக்காரன், வண்டி ஒன்று. இப்போது ஈடிப்பஸ் சொல்வதைக் கேளுங்கள், 800 முதல் 813 வரை. கட்டியக்காரனும் வண்டியில் இருந்தவரும் அவனைப் பாதையை விட்டுத் தள்ளப் பார்க்கிறார்கள். தள்ளிய வண்டிக்காரனை இவன் அடிக்கிறான். கிழவர் அவசரப்படவில்லை. இவன் வண்டியை ஒட்டி வரும்வரை பார்த்திருந்து, வண்டிக் குதிரைகளை விரட்டும் இரட்டை முனைத் தார்க்கோலால் உச்சந்தலையில் ஒன்று வைக்கிறார். இவன் கைத்தடியால் திருப்பி ஒரே அடி. கிழவர் வண்டியிலிருந்து மல்லாக்க உருண்டு விழுகிறார். பிறகு மிச்சம் பேர். இத்தனை நுணுக்கமும் பொருந்துகிறது. ஒரு வேலைக்காரன் சொன்ன எண்ணிக்கை மட்டும் பொருந்தவில்லை. எதை நம்புவது?

ஓலைக்கணக்கு:
813ஐ முழுசா எழுதுங்க. “எல்லோரையும் கொன்றேன்”னு சொல்றான். எல்லோரையும்! லாயஸ் கூட்டத்தில ஒருத்தன் தப்பிச்சான், 118லயே ஜோகாஸ்டாவோட சகோதரன் கிரியான் சொல்லியாச்சு. ஈடிப்பஸ் அடிச்ச கூட்டத்தில ஒருத்தனும் தப்பிக்கலை. அப்ப அது வேற கூட்டம். நீங்க போட்ட கணக்கே உங்களை மாட்டிவிடுது.

முகமூடி:
ஓடினவனைத் திரும்பி நின்று எண்ணுவானா? விழுந்தவர்களை எண்ணிவிட்டு எல்லோரும் என்கிறான்.

ஓலைக்கணக்கு:
அதெல்லாம் நீங்க எழுதிச் சேர்த்தது. நாடகத்தில இருக்கறது ‘எல்லோரையும்’.

நெய்தல் வாசகர்:
ஒரு சின்னக் கேள்வி. இவ்வளவு பேசுகிறீர்களே, ‘ஹமார்ஷியா’ என்று அரிஸ்டாட்டில் சொன்னதை எந்தப் பொருளில் எடுத்துக்கொள்கிறீர்கள்? குணக்குறையா, தெரியாமல் செய்த பிழையா? அதை முதலில் முடிவு செய்தால், கொன்றானா இல்லையா என்பதற்கு எவ்வளவு எடை என்று தெரியும். உத்தமன் ஒருவன் ஏன் விழுந்தான் என்பதுதானே விஷயம்.

முகமூடி:
அது அப்புறம். முதலில் கொன்றானா என்பது.

ஓலைக்கணக்கு:
அதேதான். முதல்ல எத்தனை பேர்?

முகமூடி:
வேலைக்காரன் ஏன் பல பேர் என்றான் என்பதற்கு நாடகத்திலேயே காரணம் இருக்கிறது, நான் எதையும் எழுதிச் சேர்க்க வேண்டியதில்லை. 758 முதல் 763. அவன் ஊர் திரும்பி வந்து, அரியணையில் ஈடிப்பஸ் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், ஜோகாஸ்டாவின் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறான்: என்னை வயலுக்கு, மேய்ச்சல் காட்டுக்கு அனுப்பிவிடு, இந்த ஊர் கண்ணில் படாத தூரத்துக்கு அனுப்பிவிடு. உயிர் தப்பி வந்தவன் அரண்மனை வேலையை உதறிவிட்டு ஏன் ஆடு மேய்க்கப் போக வேண்டும்? அரியணையில் இருக்கிறவன் யார் என்று அவனுக்குத் தெரியும். காவலுக்குப் போன நாலு பேரும் ஒற்றை வழிப்போக்கனிடம் தோற்றோம் என்று எந்த வேலைக்காரன் ஊரில் வந்து சொல்வான்? கொள்ளைக் கூட்டம் என்றுதான் சொல்வான்.

இன்னொன்று. கிரியான் 122இல் கொள்ளைக்காரர்கள், பல கைகள் என்கிறான். அடுத்த வாயில், 124இல், ஈடிப்பஸ் என்ன கேட்கிறான்? ஊரிலிருந்து பணம் போகாமல் ஒரு கொள்ளைக்காரன் இவ்வளவு துணிவானா என்கிறான். பலரை ஒருவனாக்கியது அவன் வாய். பிறகு சாபம் போடும்போது, 246, 247இல், தனி ஆளோ பலரோடு சேர்ந்தவனோ என்று அவனே இரண்டுக்கும் இடம் வைக்கிறான். சோபாக்ளிஸ் தெரியாமலா இதை இப்படி இழைத்திருக்கிறார்?

ஓலைக்கணக்கு:
அந்த வேலைக்காரன் வந்த கதையையே எடுத்ததுக்கு நன்றி. 736இல ஜோகாஸ்டா என்ன சொல்றா? ஈடிப்பஸ் ஆட்சிக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி சாவுச் சேதி ஊருக்கு வந்துச்சுன்னு. சேதி சொல்ல உயிரோட இருந்தது ஒரே ஆள். 758இல என்ன சொல்றா? அந்த ஆள் வந்தப்ப ஈடிப்பஸ் ஏற்கனவே ஆட்சியில இருந்தான்னு. ரெண்டுல எது? ஒழுங்கா ஒரு தேதி சொல்லத் தெரியாத சாட்சியத்தை வச்சு ஒருத்தன் கண்ணைப் பிடுங்கலாமா?

கூத்துக்காரி:
இதை பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் காலத்திலேயே பேசியாச்சு. லாயஸ் எப்படிச் செத்தான்னு ஈடிப்பஸ் இத்தனை வருஷம் விசாரிக்காததே நம்பற மாதிரி இல்லைன்னு 1719இல் அச்சான கடிதங்கள்ல அவர் பிடிபிடின்னு பிடிச்சார். 1718இல் அவரே ஒரு ஈடிப்பஸ் எழுதி அரங்கேத்தினார், அதுல ஜோகாஸ்டாவோட பழைய காதலனா பிலாக்டடீஸ்ங்கற கிரேக்கக் கதை வீரனைக் கொண்டுவந்து திணிச்சார். ஓட்டையை அடைக்கப் போய் நாடகத்தையே கெடுத்தார். அரிஸ்டாட்டில் சொன்னதைக் கேட்டாப் போதும்: அந்த நம்ப முடியாத விஷயமெல்லாம் மேடைக்கு வெளிய, கதை தொடங்கறதுக்கு முன்னாடி நடந்தது, இருந்துட்டுப் போகட்டும்.

ஓலைக்கணக்கு:
அரிஸ்டாட்டில் சொன்னது லாயஸ் செத்த விதம் இவனுக்குத் தெரியாம இருந்ததை. கேக்க வேண்டிய கேள்வியைக் கேக்காம விட்டது மேடைக்கு வெளிய இல்லை. நட்டநடு மேடையில, எல்லார் கண்ணு முன்னாடி.

முகமூடி:
அரிஸ்டாட்டில் இந்த நாடகத்தைத்தான் திரும்பத் திரும்ப முன்மாதிரியாகக் காட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதற்றத்தைத் தீர்க்க வந்த தூதனே பதற்றத்தைக் கொண்டுவந்தான் என்று தலைகீழ்த் திருப்பத்துக்கு உதாரணம் காட்டியது இந்த நாடகத்திலிருந்துதான்.

ஓலைக்கணக்கு:
முன்மாதிரின்னா போட்டியில ஏன் முதல் பரிசு கிடைக்கலை? இன்னொரு நாடகாசிரியர் எஸ்கிலஸோட சகோதரி மகன் பிலாக்ளிஸ்கிட்டத் தோத்தது இந்த நாடகம்தானே.

முகமூடி:
பரிசு நாலு நாடகத் தொகுதிக்கு, ஒற்றை நாடகத்துக்கு இல்லை. அந்தத் தொகுதியின் மற்ற நாடகங்கள் எவை என்றாவது உங்களால் சொல்ல முடியுமா? பிலாக்ளிஸின் ஒரு நாடகமாவது இன்று முழுசாக இருக்கிறதா? அடித்தளம் ஆடுகிறபோதெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கல்லெறிவதே உங்கள் வழக்கம்.

கூத்துக்காரி:
மேய்ப்பன் காட்சியை ஒழுங்கா நடத்திப் பாருங்க, ஓலைக்கணக்கு கேக்கற பதில் அதுலயே கிடைக்கும். வழக்கமா என்ன தப்பு பண்றாங்க? மேய்ப்பனை ஞாபகமறதிக் கிழவனா ஆக்கி சிரிப்பு வாங்கறாங்க. அப்புறம் நேரம் குறைக்கறேன்னு 752ஐயும் 842ஐயும் வெட்டிடறாங்க. அந்த ரெண்டும் போனா மேய்ப்பன் எதுக்கு நடுங்கறான்னு பார்க்கிறவங்களுக்குப் புரியாது. அவன் முதல் அடி வைக்கும்போதே ஈடிப்பஸ் முகத்தைப் பார்க்கக் கூடாது. அவன் பயப்படறது கொலைக் கேள்விக்கு. வர்றதோ குழந்தைக் கேள்வி. அந்த இடத்தில ஒரு கணம் நிம்மதி, அதுக்கப்புறம் அதைவிடப் பெரிய பயம். கொரிந்துக்காரன் வசந்தத்திலேர்ந்து இலையுதிர்காலம் வரை கித்தைரான் மலையில சேர்ந்து மந்தை மேய்ச்சதை ஞாபகப்படுத்தறான், இவன் வாயை மூடுன்னு கத்தறான். 1154இல கையைப் பின்னால முறுக்கச் சொல்லி உத்தரவு. அதுலேர்ந்து கேள்வி, பதில், கேள்வி, பதில். 1173க்கு வரும்போது ஒரே வரியை ரெண்டு பேர் பாதி பாதியா உடைச்சுப் பேசறாங்க. அந்த வேகத்தில எண்ணிக்கை கேக்கறதுக்கு மூச்சே கிடையாது.

ஓலைக்கணக்கு:
மூச்சு கிடையாதுன்னா சரி, கேக்கலைன்னு ஒத்துக்கிட்டீங்க. அது போதும் எனக்கு.

கூத்துக்காரி:
நான் எதையும் ஒத்துக்கலை.

நெய்தல் வாசகர்:
மன்னிக்கவும், மறுபடியும் கேட்கிறேன். நாட்டுக்காகத் தேடப் போன ஒரு நல்ல அரசன், ‘இதோடு நிறுத்து’ என்று மனைவி கெஞ்சியும் நிறுத்தாமல் போனானே, அதுதான் அவன் வீழ்ச்சி இல்லையா? கொலையை விடவும்?

முகமூடி:
நிறுத்தாதது அவன் பெருமை, வீழ்ச்சி இல்லை. நிறுத்தியிருந்தால் தீப்ஸில் நோய் நின்றிருக்காது. சபித்ததும் அவன்தான், சாபம் யார் தலையில் விழுந்தாலும் விலக்கு கிடையாது என்று தன் வீட்டையும் சேர்த்துச் சொன்னதும் அவன்தான் (249 முதல் 251). குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ் 362இல் நேருக்கு நேர், நீ தேடும் கொலைகாரன் நீயே என்றார். அதற்குப் பிறகும் தேடினான். இப்படிப்பட்டவனை ‘ஆதாரமே இல்லாமல் அவசரப்பட்டுக் கண்ணைக் குத்திக்கொண்ட முட்டாள்’ ஆக்குவதுதான் ஓலைக்கணக்கின் வாசிப்பு. அவனை நிரபராதி ஆக்குகிறேன் என்று அவனைச் சின்னவன் ஆக்குகிறார். என் கோபமே அதற்குத்தான்.

ஓலைக்கணக்கு:
நான் அவனைச் சின்னவன் ஆக்கலை. தான் வச்ச ஒரே கேள்வியையும் மறந்துட்டு, தீர்ப்பைத் தானே எழுதித் தானே நிறைவேத்தினவன், அதுதான் பயங்கரம்னு சொல்றேன். உங்களுக்கு அவன் குற்றவாளியா இருந்தாத்தான் பெரியவன். எனக்கு அப்படி வேண்டியதில்லை. 847க்கு இன்னும் பதில் வரலை.

முகமூடி:
நாலு தடவை வந்துவிட்டது. 758க்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

ஓலைக்கணக்கு:
736க்கு நீங்க சொன்னீங்களா?

கூத்துக்காரி:
முகமூடி, அந்த இஸ்மீன் விஷயம். காவலர்கள் மண்ணைத் துடைச்சுப் போட்டதுக்கப்புறம் அன்டிகனி திரும்ப வந்து அலறினாளே, முதல் தடவையும் அவளே வரலைன்னா அந்த அலறலுக்கு என்ன அர்த்தம்? தனி இழை போட்டாச்சு. அங்க வாங்க.

முகமூடி:
வருகிறேன். இதை முடித்துவிட்டு. ஓலைக்கணக்கு, 758.