பழைய பிக்கப்பில் ஸ்டியரிங் ஆட்டம்: பாக்ஸ் ஸ்க்ரூவை இறுக்கினால் போதுமா?

காய்கறி_லோடு:
வணக்கம். 2009 மாடல் ஒரு டன் பிக்கப். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றும் வண்டி. முன்னாலும் லீஃப் ஸ்பிரிங், கிங் பின் (முன் சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சாணி) ஆக்ஸில். பாக்ஸ் (ஸ்டியரிங் கியர் பெட்டி) வகை பவர் ஸ்டியரிங். நேராகப் போகும்போது ஸ்டியரிங்கை நாலு விரல் அகலம் திருப்பினாலும் டயர் அசைவதில்லை. காலி வண்டியாக 60க்கு மேல் போனால் ரோட்டில் அலைகிறது. பாலத்து ஜாயிண்டில் ஏறி இறங்கினால் ஸ்டியரிங் படபடவென்று உதறுகிறது. வீல் அலைன்மெண்ட் பார்த்தும் மாற்றமில்லை. பாக்ஸ் மேலிருக்கும் ஸ்க்ரூவை இறுக்கினால் போதும் என்கிறார் ஒரு மெக்கானிக், பாக்ஸையே மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) நெருங்குகிறது. எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கணும்?

கிங்பின்_பட்டறை:
பாக்ஸைக் கடைசியில் தொடுங்கள். ஆட்டம் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல் அந்த ஸ்க்ரூவைத் திருகினால், வேறு இடத்துத் தேய்மானத்தை நல்ல பாக்ஸின் தலையில் கட்டுகிறோம்.

முதல் சோதனைக்கு ஜாக்கி வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போட்டு, பின் டயருக்குக் கட்டை வையுங்கள். டயர் நேராக நிற்கட்டும். பவர் ஸ்டியரிங் என்பதால் எஞ்சின் ஓட வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கைக் கடிகாரத்தில் 11க்கும் 1க்கும் இடையில் மட்டும் விடாமல் ஆட்டட்டும். இன்னொருவர் கீழிருந்து ஒவ்வொரு இணைப்பாகக் கையை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் கைக்குத் தெரியும். இணைப்பின் இரண்டு பாகத்தின் மீதும் விரல் படும்படி பிடித்தால், ஒன்று நகர்ந்து மற்றது நகராத அந்த நொடி 'டக்' என்று விரலில் அடிக்கும். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலிருந்து கீழே வாருங்கள். ஸ்டியரிங் திரும்பியும் பாக்ஸுக்குள் போகும் ராட் திரும்பவில்லை என்றால் ஸ்டியரிங் தண்டின் (column) யூ.ஜே. மூட்டிலுள்ள கிராஸ் தேய்ந்திருக்கும், அல்லது அதன் கிளாம்ப் போல்ட் லூஸாக இருக்கும். ராட் திரும்பியும் ட்ராப் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வெளியே வரும் கை) அசையவில்லை என்றால்தான் பாக்ஸுக்குள் ஆட்டம். ட்ராப் ஆர்ம் அசைந்து, அதைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் டிராக் லிங்க் நிற்கிறது என்றால் நடுவிலுள்ள பால் ஜாயிண்ட் போய்விட்டது. பாக்ஸே சேஸிஸில் அசைகிறதா என்றும் பாருங்கள். பாக்ஸ் போல்ட் லூஸ், பிராக்கெட் விரிசல் இரண்டையும் பழைய வண்டியில் பலர் கவனிப்பதில்லை. போல்ட்டைச் சுற்றித் துருப்பொடி சிவப்பாகக் கசிந்திருந்தால் அங்கே அசைவு இருக்கிறது.

அடுத்து ஆக்ஸிலுக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டு வைத்துவிட்டு டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். இடதும் வலதுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் வந்தால் இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் முனை மூட்டை (டை ராட் எண்ட்) பாருங்கள்.

எஃப்.சி.க்கு: மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 98-ன்படி ஸ்டியரிங் வீலில் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. 38 செ.மீ. விட்ட வீலில் அது விளிம்பில் சுமார் 10 செ.மீ. வரும். அந்த எல்லைக்குள் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நல்ல நிலையில் உள்ள பாக்ஸ் ஸ்டியரிங்கில் 3 செ.மீ.க்குள்தான் இருக்கும். உங்கள் நாலு விரல் சட்டப்படி தேறலாம், ஹைவேக்குத் தேறாது.

பவர்_பாக்ஸ்:
அந்த ஸ்க்ரூ ஏன் ஆபத்து என்று சொல்லிவிடுகிறேன். ட்ராப் ஆர்மைத் திருப்பும் செக்டார் ஷாஃப்ட்டின் பல் நடுவில் கொஞ்சம் இறுக்கமாகவும் ஓரங்களில் லூஸாகவும் இருக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் நடுப்பகுதிதான் முதலில் தேயும். டயர் திரும்பியிருக்கும்போது லூஸாக இருக்கிறதே என்று இறுக்கினால், நடுவுக்கு வரும்போது பல் கடிக்கும். திருப்பத்தில் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, பிறகு பேரிங்கும் போகும்.

இறுக்கியே ஆக வேண்டும் என்றால் டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சுற்றை எண்ணிச் சரிபாதியில் நிறுத்துங்கள். லிங்க் இல்லாதபோது கோடியில் போய் வேகமாக முட்ட விடாதீர்கள், உள்ளே உருளைக் குண்டுகள் ஓடும் குழாய் (பால் கைடு) உடையும். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை அரைக்கால் சுற்று மட்டும் திருகி, ஸ்க்ரூ நகராமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கி, ட்ராப் ஆர்மைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பிறகு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சுற்றும்போது எங்கும் பிடிக்கக் கூடாது. கால் சுற்றுக்கு மேல் கேட்கிறது என்றால் உள்ளே தேய்ந்துவிட்டது, அதைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

காய்கறி_லோடு:
பார்த்துவிட்டேன் அண்ணே. ட்ராப் ஆர்முக்கும் டிராக் லிங்க்குக்கும் நடுவில் நன்றாக அடிக்கிறது, ரப்பர் பூட்டும் கிழிந்திருக்கிறது. இடது டயரில் பிரேக்கை மிதித்தும் மேல்-கீழ் ஆட்டம் நிற்கவில்லை. வலதுபக்கம் லேசாகத்தான் இருக்கிறது. இடது கிங் பின்னை மட்டும் மாற்றினால் போதுமா?

கிங்பின்_பட்டறை:
இரண்டு பக்கமும் போடுங்கள் தம்பி. ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் தேய்ந்ததுமாக இருந்தால் கேம்பர் (டயரின் மேல்-கீழ் சாய்வு) இரண்டு பக்கமும் வேறு வேறாகி, வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

டிராக் லிங்க் ஜாயிண்டைக் கழற்ற ஸ்ப்ளிட் பின்னை எடுத்து, நட்டை முழுவதும் கழற்றாமல் இரண்டு மூன்று புரி மட்டும் தளர்த்துங்கள். ஆர்மின் கண் (ஜாயிண்ட் உட்காரும் துளை) பக்கவாட்டில் ஒரு சுத்தியலை அண்டைகொடுத்து எதிர்ப்பக்கம் அடித்தால் டேப்பர் (கூம்பாக இறுகிய பகுதி) விடும். புரி மீது அடிக்கக் கூடாது. பழைய ஜாயிண்ட் எத்தனை புரி ஏறியிருந்தது என்று எண்ணிவைத்து, புதியதையும் அதே அளவு ஏற்றுங்கள். மாட்டும்போது ஸ்ப்ளிட் பின் துளை சரியாக வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் முன்னால்தான் இறுக்க வேண்டும். பின்னால் தளர்த்தித் துளையைச் சேர்த்தால் டேப்பர் உட்காராது, ஓட ஓட கண் முட்டையாகிவிடும்.

கிங் பின் வேலையில் பணம் வீணாவது புஷ்ஷில்தான் (பின் சுழலும் உறை). பின்னைத் தட்டி எடுத்ததும் புதுப் பின்னை ஆக்ஸில் கண்ணில் விட்டுப் பாருங்கள். அங்கேயே லொடலொடத்தால் கிட் மட்டும் போட்டுப் பயனில்லை, லேத்தில் கண்ணைச் சரிசெய்ய வேண்டும். புஷ் ஏற்றும்போது அதன் துளையும் கிரீஸ் நிப்பிள் துளையும் ஒன்றாக வர வேண்டும். தவறினால் எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் உள்ளே இறங்காது. மேல் புஷ், கீழ் புஷ் இரண்டையும் நீள ரீமரால் (துளையைச் சீவி அளவாக்கும் கருவி) ஒரே நேர்கோட்டில் ரீம் செய்ய வேண்டும். எமரி பேப்பரால் தேய்த்துச் சமாளிப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். எண்ணெய் தடவிய பின் கட்டைவிரல் அழுத்தத்தில் வழுக்கி இறங்குவதுதான் சரியான அளவு. த்ரஸ்ட் பேரிங் ஆக்ஸில் கண்ணுக்குக் கீழே, மூடியுள்ள பக்கம் மேலே பார்க்க வர வேண்டும். மேலே ஷிம் (மெல்லிய தகடு) வைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜில் 0.1 மி.மீ. அளவுக்குக் கொண்டுவாருங்கள். இறுக்கமான கிங் பின்னும் வண்டியை அலைய வைக்கும், ஏனென்றால் டயர் திரும்பிய இடத்திலேயே நின்றுவிடும். கடைசியில் ஆக்ஸில் தூக்கியிருக்கும்போதே கிரீஸ் அடியுங்கள், பாரம் இருந்தால் அடியில் கிரீஸ் போகாது.

கேஸ்டர்_கேம்பர்:
உதறல் பற்றி ஒரு கேள்வி. பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டிருக்கிறீர்களா? காலி வண்டியில் பின்பக்கம் தூக்கி நின்றால் முன் கேஸ்டர் (கிங் பின் பின்னோக்கிச் சாயும் கோணம்) குறையும், நேராகப் போகும் பிடிப்பு போய்விடும். முன் ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டியவர்கள் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவிலுள்ள ஆப்பு ஷிம்மைத் திருப்பி வைத்திருந்தாலும் இதே கதிதான். முன் யூ போல்ட், சென்டர் போல்ட், ஷாக்கிள் புஷ் மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஸ்டியரிங் டேம்பரை (உதறலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மட்டும் மாற்றினால் உதறல் கொஞ்ச நாள் மறையும், தேய்மானம் அப்படியே இருக்கும்.

காய்கறி_லோடு:
பின்னால் ஒரு பட்டை கூடுதலாக இருக்கிறது. யூ போல்ட்டையும் பார்க்கச் சொல்கிறேன். அலைன்மெண்ட் மறுபடியும் செய்யணுமா?

கேஸ்டர்_கேம்பர்:
கட்டாயம். ஆட்டம் இருந்தபோது எடுத்த அளவுக்கு மதிப்பே இல்லை, அதனால்தான் முன்பு மாற்றம் தெரியவில்லை. புது கிங் பின் போட்ட பிறகு, நீங்கள் வழக்கமாக வைக்கும் காற்றழுத்தத்தில் டோ-இன் (முன் டயர்கள் முன்பக்கம் சற்று உள்நோக்கி நிற்கும் அளவு) பாருங்கள், உங்கள் மாடல் கையேட்டில் உள்ள அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங் வீல் கோணலாக நின்றால், வீலைக் கழற்றி வேறு பல்லில் மாட்ட விடாதீர்கள். டிராக் லிங்க் நீளத்தை மாற்றித்தான் நேராக்க வேண்டும். அப்போதுதான் டயர் நேராக இருக்கும்போது பாக்ஸும் அதன் இறுக்கமான நடுவில் நிற்கும். ஒரு லோடு ஏற்றி ஓடிவந்த பிறகு யூ போல்ட் நட்டுகளை இன்னொரு முறை இறுக்குங்கள், புதுசாக உட்கார்ந்தவை தளரும்.