இஸ்தான்புலில் ஒரு செவ்வாய்க்கிழமை, முழங்கால் வலியுள்ள அம்மாவுடன்

அடுத்த மாதம் ஊர் திரும்பும் வழியில் இஸ்தான்புலில் ஒரு பகல் தங்குகிறோம். அது செவ்வாய்க்கிழமை. தோப்காப்பி அரண்மனைக்கு அன்றுதான் வார விடுமுறை. விமானத் தேதியை மாற்றக் கேட்டுப் பார்த்தேன், கட்டணம் கட்டுப்படியாகவில்லை.

அம்மாவுக்கு 68 வயது. சமதளத்தில் மெதுவாக நடப்பார், படி ஏறினால்தான் வலி. ஹாகியா சோபியாவில் 2024 முதல் சுற்றுலாப் பயணிகளுக்கு மேல்மாடம் மட்டும்தான். அதற்குக் கல் பாவிய சரிவுப்பாதையில் ஏற வேண்டும், கட்டணமும் 25 யூரோ. பசிலிக்கா நிலத்தடி நீர்த்தேக்கத்துக்கோ படி இறங்க வேண்டும். நீல மசூதி மட்டும் தொழுகை நேரம் தவிர்த்துப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. சரி, காலைக்கு அது போதும்.

தங்கும் விடுதியில் கேட்டால் சுற்றுலாப் பேருந்தைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். அம்மாவோ, "பஸ்ஸுல உக்காந்து பாக்கறதுக்கா இவ்வளவு தூரம்?" என்கிறார். நியாயம்தானே!

மதியத்துக்கு டோல்மாபாசே அரண்மனை மனதில் இருக்கிறது. நீல மசூதி இருக்கும் சுல்தானகமெத் பகுதியிலிருந்து டி1 டிராமில் கபாதாஷ் நிறுத்தம் போய் இறங்கினால் பக்கம்தான். ஆனால் உள்ளே அந்தப் படிகக் கண்ணாடிப் படிக்கட்டைப் படத்தில் பார்த்ததும் தயக்கம். அரண்மனைக்கு எழுதிய மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை.

சமீபத்தில் போனவர்கள் சொல்லுங்கள்: டோல்மாபாசேயில் படி ஏற முடியாதவர்களுக்கு லிஃப்ட் வசதி உண்டா?