மறுமொழி: 'பேக் பூட்' - கழற்றுறை பூட்ஸ் எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பவர்களின் பூட்ஸ் வகைகளுக்கும் பாகங்களுக்கும் தமிழ்ப்பெயர் தேடும் நம் சொற்பட்டியலுக்கு இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன். 'பனிக்காலணி'யை முதலில் நீக்கிவிடலாம். புல்நுனியில் நிற்பதும் நமக்குப் பனி, வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் பனி, ஏரி மேல் ஒரு சாண் கனத்துக்குக் கெட்டிப்பட்டுக் கிடப்பதும் பனி. போதாததற்கு, ஆழமான பனியில் கால் புதையாமலிருக்க பூட்ஸுக்கு அடியில் கட்டிக்கொள்ளும் அகலமான வலைச்சட்டம் ஒன்று உண்டு. பனிக்காலணி என்ற பெயர் நியாயமாக அதற்குத்தான் போய்ச் சேரும்.

> பெரும்பாணாற்றுப்படையில் 'அடிபுதை அரணம்' இருக்கிறதே, பூட்ஸுக்கு அதைவிட நல்ல சொல் கிடைக்குமா?

கிடைக்காது. அடியைப் புதைக்கும் அரண் என்பது கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கும் பூட்ஸுக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் பூட்ஸ் எல்லார் வாயிலும் புழங்கும் சொல். அதை மாற்றப் புறப்பட்டால் அந்தச் சண்டையிலேயே இந்த விவாத இழை முடிந்துவிடும். வகைகளுக்கும் பாகங்களுக்கும்தான் இப்போது பெயர் வேண்டும். எனவே பூட்ஸ் பூட்ஸாகவே இருக்கட்டும்.

சரி, தலைப்பிலுள்ள 'பேக் பூட்' (pac boot) வகைக்கு வருவோம். கீழ்ப்பாதி ரப்பர், மேல்பாதி தோல் அல்லது தடித்த நைலான், உள்ளே கம்பளி ஃபெல்ட்டில் (இழைகளை அழுத்திக் கெட்டிப்படுத்திய துணி) தைத்த தனி உறை. அந்த உறையைத் தனியே வெளியே உருவி எடுக்கலாம் என்பதே இந்த வகையின் உயிர். நாள் முழுக்க பனிக்கட்டி மேல் இருந்துவிட்டு வந்து உறையை உருவிப் பாருங்கள்: விரல் பக்கத்து நுனியில் வெளிப்புறம் வெண்மையாகப் பூத்திருக்கும். ஏரித் தண்ணீர் அங்கே வந்திருக்காது. பாதத்தின் வியர்வை ஆவியாகி, ஃபெல்ட்டைக் கடந்து, குளிர்ந்த ரப்பரில் பட்டு உறைந்தது அது. ராத்திரியே உருவிக் காயவைக்காவிட்டால் மறுநாள் அந்த ஈரத்துக்குள்தான் காலை விட வேண்டும். நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஃபெல்ட் கதகதப்பாக இருப்பது தன் இழைகளுக்கிடையே பிடித்துவைத்த காற்றால். அங்கே நீர் குடியேறிவிட்டால் எத்தனை தடிமன் இருந்தும் பலன் இல்லை.

ஆகவே உருவி எடுப்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். 'உள்ளுறை' என்றால் ஒட்டித் தைத்த துணியும் அதில் அடங்கிவிடும். 'உட்காலுறை' என்றால் சாக்ஸோடு குழம்பும். வெறும் 'உறைபூட்ஸ்' என்று விட்டால் உறைந்துபோன பூட்ஸ் என்று படிப்பார்கள், நமக்கு ஆகாது. 'கழலுறை' என்று ஒருவர் எழுதியது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது, காலில் அணியும் கழலும் நினைவுக்கு வருகிறது. ஆனால் கழலுவது தானாக நடப்பது. நடக்கும்போதே கழன்றுவிடும் உறையை யார் வாங்குவார்? நாமே கழற்றுவதால் 'கழற்றுறை'. கொஞ்சம் கரடுமுரடான சொல்தான். இருந்தாலும் சாயங்காலம் செய்ய வேண்டிய வேலையை அதுவே சொல்லிவிடுகிறது. பேக் பூட் 'கழற்றுறை பூட்ஸ்' ஆகட்டும். உறைகள் இரண்டு ஜோடி இருந்தால் ஒன்று காயும்போது இன்னொன்றைப் போட்டுக்கொள்ளலாம். அடுப்பை ஒட்டி வைத்துக் காயவைக்க வேண்டாம், கம்பளி சுருங்கிவிடும்.

> வேப்பர் பேரியர் பூட்ஸ் எல்லாம் பட்டியலுக்கு அவசியமா? அது ராணுவச் சமாச்சாரம்.

அவசியம். இந்த வியர்வைப் பிரச்சினைக்கு நேர்மாறான விடை அதில் இருக்கிறது. 1950 நவம்பர், டிசம்பரில் கொரியாவின் சோசின் நீர்த்தேக்கப் போரில் அமெரிக்க வீரர்கள் கழற்றுறை பூட்ஸின் உறவினர் போன்ற ஒன்றைத்தான் போட்டிருந்தார்கள்: ரப்பர் அடி, தோல் மேல்பாகம், ஃபெல்ட் உள்ளடி. பூஜ்யத்துக்குக் கீழே 30 பாகை செல்சியஸை ஒட்டிய குளிர். மலையேறும்போது கால் வியர்க்கும், நின்றால் அந்த வியர்வை உறையும். ஏராளமானோரின் பாதங்கள் பனிக்கடிக்கு, அதாவது கடுங்குளிரில் சதை உறைந்து கெடுவதற்கு, ஆளாயின. அதே போர்க்காலத்தில் வந்த புதிய பூட்ஸில் இரண்டு ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே கம்பளியை வைத்து எல்லாப் பக்கமும் மூடிவிட்டார்கள். வியர்வை கம்பளிக்குள் போக வழியே இல்லை. சாக்ஸ் நனையும், கால் நனையும், ஆனால் காப்பு நனையாது. ஈரக்காலும் சூடாகவே இருக்கும். சாக்ஸை மட்டும் அவ்வப்போது மாற்ற வேண்டும். உள்ளே காற்று அடைபட்டிருப்பதால் விமானப் பயணத்துக்கென்று பக்கவாட்டில் சின்ன வால்வும் உண்டு. 'ஆவித்தடை பூட்ஸ்' என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இருக்காது என்று நினைக்கிறேன். வெள்ளை நிறத்தில் வருவதற்கு முயலை வைத்துச் செல்லப்பெயர் ஒன்று உண்டு. அதை ஒலிபெயர்த்து 'பன்னி பூட்ஸ்' என்று மட்டும் பட்டியலில் ஏற்றிவிடாதீர்கள், வேறு பிராணி வந்து நிற்கும். முயல் பூட்ஸ் போதும்.

எனக்கு உண்மையான தகராறு 'வெப்பநிலை மதிப்பீடு' என்ற பரிந்துரையோடுதான். இத்தனை குளிர்வரை தாங்கும் என்று பெட்டியில் −40 என அச்சிட்டிருப்பார்கள். தயாரிப்பாளர்கள் எல்லாரும் ஒரே சோதனையைச் செய்து அந்த எண்ணைப் போடுவதில்லை. நடந்துகொண்டே இருப்பவரை மனதில் வைத்துப் போட்ட எண்ணாகவும் அது இருக்கலாம். துளையின் ஓரம் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவருக்குத் தசை வேலையே செய்வதில்லை, சூடு எங்கிருந்து வரும்? மேலும் அவர் பாதம் நேராகப் பனிக்கட்டியில் ஊன்றியிருக்கிறது. உடம்பின் எடையில் அடியிலிருக்கும் ஃபெல்ட் நசுங்கி மெலிந்துவிடும். குளிர் முதலில் உள்ளங்கால் வழியாக ஏறுவது அதனால்தான். அனுபவசாலிகள் காலுக்கடியில் நுரைப்பாய்த் துண்டு ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள்.

மதிப்பீடு என்றால் யாரோ அளந்து தீர்ப்புச் சொன்ன தோற்றம் வருகிறது. 'குளிர்வரம்பு' என்று அடக்கமாக வைத்து, விளக்கத்தில் 'தயாரிப்பாளர் கூறுவது, அசைவைப் பொறுத்தது' என்று சேர்த்துவிடலாம். அசையாமல் இருக்கப்போகிறவர் தன் ஊர்க்குளிரைவிட நிறையவே கீழே தள்ளியிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

அதே பெட்டியில் 400 கிராம், 800 கிராம், 1200 கிராம் என்றும் இருக்கும். பூட்ஸின் எடை என்று நினைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். செயற்கை இழைக்காப்பின் ஒரு சதுர மீட்டர் எடை அது. 'பரப்பெடை' என்று வைத்தால் விளக்கமே தேவைப்படாது. ஒரே இழையில் 800 கிராம் 400-ஐவிடக் கதகதப்பு. ஃபெல்ட்டோடு அதை ஒப்பிட இந்த எண் உதவாது.

நீர்புகாமை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, 'நீர்புகா' என்ற சொல் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. துளை போட்டதும் நீர் மேலே வழியும். கனமான பனி பனிக்கட்டியை அழுத்தி, விரிசல் வழியே நீர் ஏறி, மேலே பார்த்தால் வெள்ளை, மிதித்தால் கணுக்கால்வரை சேறு போன்ற கூழ். இதற்குப் பெயர் 'பனிக்கூழ்' என்றால் சரியாக இருக்கும். எனவே ரப்பர் பாகம் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். தோலும் ரப்பரும் சேரும் தையலைத் தடவியும் பாருங்கள். 1912-இல் மெய்ன் மாநிலத்தில் லியோன் லியோன்வுட் பீன் விற்ற முதல் 100 ஜோடிகளில் 90 திரும்பி வந்தது அந்தத் தையல் விட்டுப்போனதால்தான். வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் இனப் பெண்கள் கடல்நாய்த் தோலில் பூட்ஸ் தைக்கும்போது ஊசி தோலின் முழுக் கனத்தையும் துளைக்காமல் பாதியிலேயே திரும்பும், அதனால் தண்ணீருக்கு ஓட்டையே கிடைக்காது. அதற்கு 'அரைத்துளைத் தையல்' என்று முன்மொழிகிறேன்.

அப்புறம் அளவு. சொல்லுக்கு இதில் வேலையில்லை, ஆனால் பதிவில் இருக்க வேண்டும்: தடித்த கம்பளி சாக்ஸ் போட்ட பிறகும் விரல்களை ஆட்ட முடிய வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு மூன்று சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சீக்கிரம் விறைத்துவிடும்.

மீதமிருப்பது, வழுக்காமலிருக்க பூட்ஸ் மேல் இழுத்து மாட்டும் ரப்பர் பட்டை, அடியில் எஃகு முட்களோடு. 'பனிக்கொக்கி' எனக்கு ஒப்பவில்லை, அதில் கொக்கியே கிடையாது. 'முள்பட்டை' எப்படி? கழற்றுறைக்கும் குளிர்வரம்புக்கும் எதிர்ப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள், வார இறுதிக்குள் பட்டியலைத் திருத்திவிடுகிறேன்.